இரட்டைக் கஸ்கற்று

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தாற் கடல் கடந்து தீவுப்பகுதிக்கு வருவோர், மண்டைதீவுச் சந்திக்கு அப்பால் முதலிற் காணும் ஊர் அல்லைப்பிட்டி. பனையும் மணலும் ஆழமற்ற கடலுமே இவ்வூரின் செல்வம். சோளகம் வீசும் மாதங்களில் உப்புக் காற்று இரவும் பகலும் ஓயாது. அக்காற்றில் இரும்புக்கு ஆயுள் குறைவு. புதிய பூட்டொன்றைப் படலையில் மாட்டினால் அடுத்த மாரிக்குள் அது திறப்புக்கு இணங்க மறுக்கும். இத்தகைய ஊரிலே நாற்பது ஆண்டுகளுக்கு அண்மையாக ஒரு மோட்டார்ச் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கிறதென்றால், அதனைச் செய்த யப்பானியரின் திறமை மட்டும் அதற்குக் காரணமன்று; என் தந்தையாரின் பிடிவாதமும் ஒரு காரணம்.

அது ஹொண்டா 90. 1958 ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த சுப்பர் கப் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்து வண்டிகள் 2017 ஆம் ஆண்டில் 10 கோடி என்னும் தொகையை எட்டின. அப்பத்துக் கோடியில் ஒன்றை 1980களின் நடுப்பகுதியில் ஐயாவும் சித்தப்பாவும் கூட்டாக, பழையதாகவே வாங்கினர். ஐயா மீன் வியாபாரி. கரையில் விடியற்காலையில் மீனை எடுத்து, பின்னிருக்கையில் கட்டிய பெட்டியில் நிரப்பி, வெயில் ஏறுமுன் நகருக்குக் கொண்டுசெல்வார். சித்தப்பா நகரில் ஒரு கராஜில் வேலை செய்தார். ஒருவருக்கு வண்டி ஓட வேண்டும். மற்றவருக்கு அதைக் கழற்றிப் பூட்ட வேண்டும். கூட்டு வியாபாரம் பொருத்தமாகவே அமைந்திருந்தது.

2022 ஆம் ஆண்டு ஆடி மாதம் அந்த வண்டி நின்றுபோயிற்று. பல்கலைக்கழகம் மூடியிருந்தமையால் நான் வீட்டில் இருந்தேன். நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசை நின்ற காலம் அது. பின்னர் கியூ.ஆர். முறை வந்து மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று வரையறுத்தார்கள். அதற்கு முந்திய வாரங்களில் இரண்டு நாள் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர் பலர். மீன் காத்திருக்குமா? ஐயா தாம் அறிந்த பழைய வழியை நாடினார். கிடைத்த சிறிதளவு பெற்றோலுடன் மண்ணெண்ணெயைக் கலந்து தாங்கியில் ஊற்றினார்.

பழைய வழி என்றேன். 1990 ஆம் ஆண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டதன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. பொருளாதாரத் தடையின் அந்த ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட எங்கள் மக்கள், மோட்டார்ச் சைக்கிள்களையும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினுள் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. ஆகையால் தொடக்கத்தில் மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். சிறு போத்தலில் அதைத் தங்கம்போற் பொத்தி வைத்திருந்து, ஊசிமருந்து ஏற்றும் சிறிஞ்சினாற் கார்புரேற்றருக்குள் ஊட்டி, உதைத்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை எழும். அப்புகையின் மணத்தை ஐயாவின் தலைமுறையினர் இன்றும் மறக்கவில்லை. நான் அக்காலத்திற் பிறந்திருக்கவில்லை. ஆயினும் 2022 ஆம் ஆண்டு எங்கள் முற்றத்தில் அந்த வெண்புகை எழுந்தபோது, அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனதைக் கண்டேன்.

ஒரு மாதம் வண்டி ஓடிற்று. பின்னர் ஒருநாட் காலை உதைகாலை மிதித்த ஐயா, "தம்பி, கிக்கர் சும்மா போகுது" என்றார். மிதித்துப் பார்த்தேன். எதிர்த்துத் தள்ளவேண்டிய விசை இல்லை. கஞ்சிக்குள் அகப்பையை விட்டதுபோலக் கால் கீழே சென்றது. புகைக்குழாயின் வாயிற் கையை வைத்தால் 'உஸ்' என்ற காற்று. பிளக்கைக் கழற்றி அத்துளையால் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் மிதித்தோம். பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எண்ணெய் அவ்விடைவெளியை அடைத்து, சிறிது நேரமேனும் அழுத்தம் கூடும். கூடவில்லை. ஆகவே குற்றம் வால்வில். அதாவது ஹெட்டைத் திறக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ் படிக்கும் மாணவன். எஞ்சினைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பாடசாலையில் விஞ்ஞானப் பாடத்திற் படித்ததே. அந்நூல்கள் எஞ்சினை அகத்தகன எஞ்சின் என்றன; சிலிண்டரை உருளை என்றன; பிஸ்ரனை முசலம் என்றன. முசலம் என்றால் உலக்கை. உரலுக்குள் உலக்கை ஏறி இறங்குவதைக் கண்டவன் எவனோ அச்சொல்லைத் தெரிந்திருக்கிறான், அவன் கெட்டிக்காரன். ஆயினும் ஐயாவிடம் சென்று முசலம் என்றால் அவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். எனவே கராஜ் மொழியையே இங்கு வழங்குகிறேன்.

நகரிற் கொடுத்துச் செய்விக்கலாமே என்று அம்மா கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன் நகரில் ஒரு கராஜிற் கொடுத்தபோது நட்டொன்றைப் புரியழித்துத் தந்துவிட்டார்கள் என்பது ஐயாவின் தீராத மனக்குறை. "அவன் இருந்தால் ஒரு பொழுதிலை செய்துபோடுவான்" என்றார். அவன் என்றது சித்தப்பாவை. 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் பிடித்துச் செல்லப்பட்டு இன்றுவரை மீளாத இளைஞர்களுள் அவரும் ஒருவர். அன்று வண்டி ஐயாவோடு குடாநாட்டுப் பக்கம் நின்றது. சித்தப்பா வீட்டில் நின்றார். எங்கள் வீட்டில் இதைப் பற்றி இவ்வளவுதான் பேசப்படும்.

ஐயாவின் இரு கண்களிலும் வெண்புரை. மறைக்குறடு, ஸ்பனர் எதுவென்று தடவி அறிவார். சிறு குறிகள் தெரியா. ஆகவே கண் என்னுடையது, அறிவு அவருடையது என்ற ஏற்பாட்டில் வேலையைத் தொடங்கினோம். திண்ணையிற் பழைய சாக்கை விரித்து, கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய ஒழுங்கில் வைக்குமாறு கட்டளையிட்டார்.

ஹெட்டைக் கழற்றுமுன் வால்வுகளின் இடைவெளியைப் பார்க்க விரும்பினேன். அயலில் ஒருவரிடம் இடைவெளி அளக்கும் தகட்டுக் கொத்தை இரவல் வாங்கியிருந்தேன். இவ்வகை எஞ்சினில், குளிர்ந்த நிலையில், வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் இடையே 0.05 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். சவர அலகொன்றின் பருமன் 0.1 மில்லிமீற்றர், அதிற் பாதி. சூடேறும்போது வால்வு நீள்வதற்கு விட்டுவைக்கும் இடம் அது. உள்வால்வில் தகடு நுழைந்தது. வெளிவால்வில் நுழையவில்லை. இடைவெளியே இல்லை.

"ஐயா, இதை ஆர் இறுக்கினது?"

சற்று மௌனம். "அந்த 'டக் டக்' எண்ட சத்தம் எனக்குப் பிடிக்கிறேல்லை. கொஞ்சம் இறுக்கிவிட்டனான். பிறகு பூனைமாதிரி ஓடிச்சுது."

நோயின் மூலம் ஒருவாறு விளங்கிற்று. இடைவெளி இல்லையெனில் சூட்டில் நீளும் வால்வு தன் இருக்கையில் முற்றாக அமராது. வெளிவால்வு எரிந்த வாயுவின் முழுச் சூட்டையும் ஏற்பது. மூடியிருக்கும் கணங்களில் இருக்கையைத் தொட்டே அச்சூட்டை இறக்கி வைக்கிறது. தொடுகை அற்றால் விளிம்பு எரியும். மண்ணெண்ணெய்க் கரியும் சேர்ந்து இருக்கையிற் படிந்தால் கேட்கவே வேண்டாம். ஐயா மண்ணெண்ணெயில் மட்டும் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார். என் எண்ணம் வேறு. சத்தத்தைப் பொறுக்காமையே வால்வைத் தின்றது. மண்ணெண்ணெய் பந்தியிற் பின்னர் வந்து அமர்ந்தது. இதை அவரிடம் இவ்வளவு தெளிவாக நான் சொல்லவில்லை.

எண்ணெயை வடித்தோம், கார்புரேற்றரை இறக்கினோம். புகைக்குழாயைப் பிடித்திருந்த இரண்டு ஆணிகளில் ஒன்று உப்புக்காற்றில் ஊறித் தன் துளையோடு ஒன்றாகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தும், அது நட்டோடு முறிந்து என் கையில் வந்தது. (பின்னர் நகரில் லேத் வைத்திருக்கும் ஒருவர் அதைத் துளைத்தெடுத்துத் தந்தார். சைக்கிளில் ஹெட்டைக் கட்டிக்கொண்டு பண்ணைப் பாலத்தாற் போகும்போது சோளகம் முதுகிற் தள்ளிற்று. திரும்பும்போது நெஞ்சிற் தள்ளிற்று. உதிரிப்பாகமும் அப்பயணத்திலேயே வாங்கினேன்.) சுழல்தட்டில் 'ரி' என்ற குறியை நேர்நிறுத்தி, சங்கிலிச் சக்கரத்தைக் கழற்றுமுன், சங்கிலி உள்ளே விழாதிருக்கக் கம்பியாற் கட்டினேன். சக்கரத்திலுள்ள சிறு வட்டக்குறி ஹெட்டிலுள்ள வெட்டுக்கு நேரே நிற்க வேண்டும். அது மயிரிழை விலகி நின்றது. சங்கிலி நீண்டுவிட்டதாக்கும் என்று எண்ணி அதைக் கடந்துவிட்டேன்.

நான்கு நட்டுகளையும் சிறிது சிறிதாக மாறி மாறித் தளர்த்தி, மரக்கட்டையால் மெல்லத் தட்டியபோது ஹெட் விடுபட்டது. உள்ளே அடுப்புக்கரிபோற் கறுப்பு. கரியைச் சுரண்ட இரும்பைத் தொட ஐயா விடவில்லை. அலுமினியம் கீறுபடும் என்று பனைமட்டையைச் சீவித் தந்தார். வெளிவால்வின் விளிம்பில் ஒரு பக்கம் எலி கடித்த அப்பம்போல் இருந்தது. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது கஸ்கற்று. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றன்மேலொன்றாக இரண்டு.

ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். விரலால் தடவினார், சிரித்தார்.

"அது 91 இலை வைச்சது. மறந்தே போனன்."

கஸ்கற்றை இரட்டித்தால் ஹெட் சற்று உயரும். வாயு நெருக்கப்படும் அறை பெருக்கும். அழுத்த விகிதம் குறையும். மண்ணெண்ணெய் அதிக அழுத்தத்தைத் தாங்காது. பொறி வருமுன்பே வெடித்து எஞ்சினைச் சுத்தியலால் அடித்ததுபோற் தட்டும். அதைத் தணிக்கவே ஐயா இரண்டாவது கஸ்கற்றை வைத்திருக்கிறார். நான் சிறுவயதிலிருந்து கண்டவற்றுக்கெல்லாம் அக்கணத்தில் விளக்கம் கிடைத்தது. காற்றுக்கெதிரே எங்கள் வண்டி ஏன் மூச்சுவாங்குகிறது. ஹெட்டின் பொருத்தில் எண்ணெய் ஏன் எப்போதும் கசிந்து ஐயாவின் காற்சட்டையைக் கறைப்படுத்துகிறது. சக்கரக்குறி ஏன் மயிரிழை விலகி நின்றது. ஹெட் உயர்ந்தால் சங்கிலி இழுபட்டுச் சக்கரம் சிறிது திரும்பும். அவ்வளவே. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்களோடு தென்மராட்சிக்குப் போனதும், 2006 ஆகஸ்டில் இவ்வூரின் தேவாலயத்தின்மீது எறிகணை விழுந்த பின்னர் அம்மாவையும் அக்காவையும் ஆறு வயதினனாகிய என்னையும் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனதும் இந்த இரட்டைக் கஸ்கற்றோடுதான். பெற்றோல் மீண்டும் வந்த பின்னரும் எவரும் அதை எடுக்க நினைக்கவில்லை.

இனி ஒன்றா, இரண்டா? இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

"ஒண்டுதான், ஐயா. எஞ்சினைச் செய்தவன் ஒண்டுதான் வைச்சவன்."

"செய்தவன் அல்லைப்பிட்டியிலை இருந்தவனே? நாளைக்குப் பெற்றோல் இல்லையெண்டால் என்ன செய்வாய்?"

"நாளைக்கு வந்தால் நாளைக்குக் கழட்டுவம்."

"நாளைக்குக் கழட்ட நேரம் தருவாங்களே?"

இதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. பாடநூல் அறிவு என்னுடைய பக்கம் நின்றது. மற்ற அறிவெல்லாம் அவர் பக்கம் நின்றது. மூன்று நாட்கள் இதுபற்றிப் பேசாமலே ஏனைய வேலைகளைச் செய்தோம். கடையில் இரண்டு கஸ்கற்று வாங்கினேன். அதையும் பேசாமலே செய்தேன்.

வால்வைக் கழற்ற, அதன் சுருள்வில்லை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். ஐயா கொட்டிலின் வளையில் தொங்கிய சாக்குப்பையைத் தடவி ஒன்றை எடுத்தார். ஒரு ஜீ-கிளாம். அதன் நுனியில் இரும்புக்குழாய்த் துண்டொன்று ஒட்டப்பட்டு, பக்கத்திற் சிறு சாளரம் வெட்டப்பட்டிருந்தது. வில்லை அமுக்கியபின் அச்சாளரத்தின் வழியே கொட்டர் என்னும் இரு அரைவளையங்களை எடுத்துவிடலாம். சித்தப்பா செய்தது. ஊர் திரும்பியபோது இடிந்த அடுக்களைக்குட் கிடந்து எடுத்தார்களாம். ஒட்டு வேலை அழகாக இருந்தது. மணிகள் கோத்ததுபோற் சீரான ஒட்டு. சித்தப்பாவைப் படத்தில் மட்டுமே கண்டவன் நான். அவர் கைவேலையை அன்றுதான் முதன்முதலாகப் பயன்படுத்தினேன்.

பயன்படுத்திய அவசரத்திற் கொட்டர் ஒன்று தெறித்து முற்றத்து மணலுக்குட் போயிற்று. அரிசியின் பாதியளவு பொருள். அம்மாவின் மா அரிதட்டைக் கேளாமல் எடுத்து மணலை அரித்தோம். இவ்வூர் மணல் பழைய பொருள் பலவற்றை வைத்திருப்பது. 1970களில் ஜோன் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளர் இங்கே சீனத்துச் சொங் காலப் பாண்டத் துண்டுகளைக் கண்டார். 2018 ஆம் ஆண்டு ஷாங்காய் அருங்காட்சியகத்தார் வந்து அகழ்ந்தனர். ஏறத்தாழ 900 ஆண்டுக்கு முந்திய கப்பற்சரக்கை விட்டுக்கொடுத்த மணல், எங்கள் கொட்டரை விட்டுக்கொடுக்க ஒன்றரை மணி நேரம் எடுத்தது.

புதிய வால்வைப் பழைய இருக்கையோடு இசைவித்தலே இவ்வேலையின் உயிர். கிறைண்டிங் பசையை வால்வின் முகத்தில் மெல்லப் பூசி, தண்டைத் துளையிற் செலுத்தி, மறுபக்கத்திற் பெற்றோல் குழாய்த் துண்டொன்றைத் தண்டில் இறுக்கினோம். அக்குழாயை இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் தயிர் கடைவதுபோல அங்குமிங்கும் உருட்டி, இடையிடையே தூக்கித் திருப்பி அமர்த்த வேண்டும். முதலில் 'கரகர' என்று மணலரைக்கும் ஓசை. பசை நொய்மையாக ஆக ஓசையும் மெலியும். நான் கண்ணாற் பார்த்து, "சரி" என்பேன். ஐயா தலையை ஆட்டுவார். "இன்னும் இருக்கு. சத்தம் ஒரு பக்கத்திலை குறையுது." கழுவிப் பார்த்தால் சாம்பல்நிற வளையம் ஓரிடத்தில் அறுந்திருக்கும். கண் மங்கியவருக்குக் காது அவ்வளவு தெளிந்திருந்தது. அந்தக் காதுதான் வால்வின் 'டக் டக்'கைப் பொறுக்காமல் இறுக்கச் சொல்லியது என்பதையும் எண்ணிக்கொண்டேன்.

வளையம் முறியாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் வந்தபின், பசை ஒரு துகளும் தங்காதபடி மண்ணெண்ணெயாலும் பின்னர் சவர்க்கார நீராலும் கழுவினோம். வில்லைப் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கையும் மாட்டி, அறையில் மண்ணெண்ணெய் நிரப்பினோம். உள்வழி உலர்ந்திருந்தது. வெளிவழியிற் பத்து நிமிடத்தில் ஈரம் கண்டது. மீண்டும் கழற்றி, மீண்டும் கடைந்தோம். இரண்டாம் முறை மாலையில் ஊற்றியது விடியும்வரை ஒரு சொட்டும் கசியாது நின்றது. ஹெட்டின் அடிமுகத்தை யன்னற் கண்ணாடியின்மேல் நுண்ணிய அரத்தாளை விரித்து, எட்டு என்னும் இலக்க வடிவில் தேய்த்துச் சமப்படுத்தியதைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், அலுப்பான வேலை.

பூட்டும் நாள் வந்தது. ஐயா கையை நீட்டினார். நான் ஒரு கஸ்கற்றை வைத்தேன். கையை மடக்கவில்லை. இரண்டாவதையும் வைத்தேன். இரண்டையும் விரலுக்கிடையே நெடுநேரம் உருட்டினார். அந்த வாரம், அதாவது 2022 ஆகஸ்டின் பிற்பகுதியில், மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியிருந்தது. வள்ளக்காரர் பலர் கடலுக்குப் போகாமல் கரையில் நின்றனர். பெற்றோலோ, அளந்துதான் என்றாலும், கியூ.ஆர். முறையில் ஓரளவு கிடைக்கத் தொடங்கியிருந்தது.

"மண்ணெண்ணெயும் இனி எங்களுக்கில்லை" என்று சொல்லி ஒன்றைத் திருப்பித் தந்தார். என் நியாயத்தை ஏற்றுக்கொண்டார் என்று நான் பெருமைப்பட இடமில்லை, விலைதான் வென்றது.

எண்ணெய் ஏறும் வழியின் ரப்பர் வளையங்களைப் புதிதாக இட்டு ஹெட்டை அமர்த்தினோம். முறுக்கு அளக்கும் ஸ்பனர் எங்களிடமில்லை. நட்டுகளை மூலைக்கு மூலை, மூன்று சுற்றில், ஐயாவின் மணிக்கட்டு இறுக்கிற்று. சக்கரத்தைப் பூட்டியபோது வட்டக்குறி வெட்டுக்கு நேரே நின்றது. ஐயாவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். குறி தடவினால் தெரியாதுதான், ஆயினும் வைத்தேன். இரண்டு வால்வுக்கும் 0.05 விட்டேன், தகட்டை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். "தளர்வாய்க் கிடக்குது" என்றார். "கிடக்கட்டும், ஐயா" என்றேன்.

உதைக்குமுன் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். சங்கிலி ஒரு பல் மாறியிருந்தாலும் வால்வு தவறிய நேரத்திற் திறக்கும்; பல மாறியிருந்தால் பிஸ்ரன் வந்து அதை முட்டும். முட்டவில்லை. உதைகால் இம்முறை எதிர்த்துத் தள்ளிற்று. நான்காவது உதையிற் பிடித்துக்கொண்டது. 'டக் டக் டக்' என்று தையல் இயந்திரம்போல வால்வுச் சத்தம். ஐயாவின் முகம் சுருங்கிற்று.

"பூனைமாதிரி இல்லை."

"இல்லை."

"இப்பிடித்தான் கேக்க வேணுமோ?"

"இப்பிடித்தான்."

ஸ்பனர்களை நான் பைக்குட் போட்டுக் கட்டினேன். மறுநாள் விடியற்காலையில் என்னைப் பின்னாலிருத்தி மண்கும்பான்வரை, காற்றுக்கெதிரே, கிரவலிலும் தாரிலும் அவரே ஓட்டினார். கண் தெரியாதவர் ஓட்டலாமா என்று வாசகர் கேட்பது நியாயமே, அம்மாவும் அதையேதான் கேட்டார். வெண்புரைச் சத்திரசிகிச்சை அடுத்த ஆண்டு நடந்தது. அன்று தெருவிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் அவருக்கு மனப்பாடமாயிருந்தது. சாட்டிப் பக்கம் திரும்பும் வளைவுக்கு முன் வண்டியை நிறுத்தி, "முந்தியெல்லாம் இந்தக் காத்துக்கு மூண்டாவது கியரிலை இழுக்காது" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது கஸ்கற்று, கடைக்காரர் சுற்றித் தந்த தாளோடு, கொட்டிலின் வளையில் சித்தப்பாவின் கிளாம் இருக்கும் சாக்குப்பைக்குள் இருக்கிறது. சென்ற விடுமுறைக்குப் போனபோது பார்த்தேன். துருப்பிடியாதிருக்க அதற்கு யாரோ எண்ணெய் பூசியிருந்தார்கள்.